சந்தேகத்துக்குப் பதில் கேலி அல்ல, கணக்கு!

தேர்தல் முடிவு வெளியானதும் தோற்ற கட்சியின் அனுதாபிகள் ஒரு வார்த்தை சொல்வது வழக்கமாகிவிட்டது. "ஓட்டு மெஷினில் ஏதோ செய்துவிட்டார்கள்" என்பதே அது. மாரிக்குப்பத்திலிருந்து கோலார் தங்கவயல் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு காலையில் பெங்களூர் வரும் ரயிலில் இதைக் கேட்கலாம். ஸ்ரீராமபுரம் டீக்கடையில் கேட்கலாம். சிவாஜிநகர் மார்க்கெட்டிலும் கேட்கலாம். 2024 பார்லிமெண்டுத் தேர்தலுக்குப் பிறகும், 2025 ஆகஸ்டில் மகாதேவபுரா வாக்காளர் பட்டியல் பற்றிப் புகார் கிளம்பிய பிறகும் இந்தப் பேச்சு நம் பகுதிகளில் அதிகமாயிற்று.

இதற்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று கேலி. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று பழமொழி சொல்லிச் சிரித்துவிடுவது. இன்னொன்று மிரட்டல். "தேர்தலைச் சந்தேகிக்கிறவன் தேசத்தையே சந்தேகிக்கிறான்" என்று வாயை அடைத்துவிடுவது. இரண்டுமே பதில் ஆகாது. மூன்றாவதாக ஒரு பதில் உண்டு. கணக்கை எடுத்துக் காட்டுவதுதான் அது.

எங்கள் கூட்ஸ் ஷெட்டில் தர்மபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் மூட்டை தூக்குகிறார். 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு. "ஊருக்குப் போகவில்லையா?" என்று கேட்டதற்கு, "எதற்கு சார்? யார் ஜெயிப்பது என்று மெஷினில் முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். என் ரெண்டு நாள் கூலிதான் போகும்" என்றார். ஆபீசில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஊருக்கும் போகவில்லை. சிரிப்பு அவர் வாயை மூடியதே தவிர, அவருடைய எண்ணத்தை மாற்றவில்லை. ஒரு ஓட்டு போனது போனதுதான்.

மறைகிற மையின் கதை

மெஷின் வருவதற்கு முன்னால் இந்த மாதிரிச் சந்தேகம் இருந்ததில்லை என்று நினைப்பது சரியல்ல. ஓட்டுச்சீட்டுக் காலத்திலேயே இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று கிளம்பியது.

1971 மார்ச்சில் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரஸ் 352 இடங்களைப் பிடித்தது. இவ்வளவு பெரிய வெற்றியை எதிர்க்கட்சிகள் எதிர்பார்க்கவில்லை. தெற்கு டெல்லியில் சசிபூஷணிடம் தோற்ற ஜனசங்கத் தலைவர் பல்ராஜ் மதோக் ஒரு குற்றச்சாட்டைக் கிளப்பினார். ஓட்டுச்சீட்டில் ரசாயனம் தடவியிருக்கிறார்கள். வாக்காளர் குத்திய முத்திரை சிறிது நேரத்தில் மறைந்துவிடும். பசுவும் கன்றும் சின்னத்துக்கு எதிரே முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்த முத்திரை பிறகு தானாகவே தெரியவரும் என்பதே அந்தக் குற்றச்சாட்டு. மை ரஷ்யாவிலிருந்து வந்தது என்றும் பேச்சு அடிபட்டது.

கேட்டவர்களில் பலர் சிரித்தார்கள். மாயாஜாலப் படத்துக்குக் கதை எழுதலாம் என்று கூடச் சொல்லியிருப்பார்கள். ஆனால் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனபோது கோர்ட்டு சிரிக்கவில்லை. மாதிரிக்குச் சில ஓட்டுச்சீட்டுகளை எடுத்துப் பார்க்க அனுமதித்தது. குற்றச்சாட்டு உண்மையானால் ஜனநாயகத்தின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டுவிடும். பொய்யானால் ஜனங்களின் மனதிலிருந்து அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் சீட்டைப் பார்ப்பதே நல்லது. இதுதான் அந்த அணுகுமுறையின் சாரம். குற்றச்சாட்டு நிற்கவில்லை. சசிபூஷண் 1977 வரை அந்தத் தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.

1977ல் அதே மாதிரி ஓட்டுச்சீட்டில், அதே மாதிரி முத்திரையில் தேர்தல் நடந்தது. ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். மாய மை இருந்திருந்தால் அது அன்றைக்கு எங்கே போயிற்று? 1971ல் நடந்த கேலிகளை எல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

இதே 1971 தேர்தலிலிருந்து இன்னொரு வழக்கும் பிறந்தது. ரேபரேலியில் தோற்ற ராஜ் நாராயண் போட்ட வழக்கு அது. அதில் ஜெயித்த விஷயங்கள் மிகச் சாதாரணமானவை. சர்க்கார் அதிகாரியாக இருந்த யஷ்பால் கபூரின் ராஜினாமா எந்தத் தேதியில் அமலுக்கு வந்தது? அதற்கு முன்பே அவர் தேர்தல் வேலை பார்த்தாரா? கூட்ட மேடைகளை அமைக்க மாநில சர்க்கார் அதிகாரிகள் உதவினார்களா? இப்படித் தேதியும் ஃபைலும் சாட்சியுமாக வந்த விஷயங்களை வைத்து 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் ஹைகோர்ட்டு நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா, பிரதம மந்திரியின் தேர்தலையே செல்லாது என்று தீர்ப்பளித்தார். மாய மையைத் துரத்தியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ராஜினாமாத் தேதியைத் துரத்தியவர் நாட்டின் சரித்திரத்தையே மாற்றினார். சந்தேகப்படுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாக் கட்சியும் சந்தேகப்பட்டதுண்டு

ஓட்டு மெஷின் முதன்முதலில் உபயோகமானது 1982ல், கேரளத்தின் பரூர் சட்டசபைத் தொகுதியில். அங்கே 50 ஓட்டுச்சாவடிகளில் மட்டும் மெஷின் வைத்தார்கள். முடிவில் வித்தியாசம் வெறும் 123 ஓட்டு. தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி.ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். மெஷினை உபயோகிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 1984ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, அந்த 50 சாவடிகளிலும் ஓட்டுச்சீட்டில் மறுபடி தேர்தல் நடத்த உத்தரவிட்டது. சட்டத்தில் அதற்கான பிரிவு 1989ல்தான் அமலுக்கு வந்தது.

2001ல் தமிழ்நாட்டில் எல்லாச் சட்டசபைத் தொகுதிகளிலும் மெஷின் வந்தது. அதை எதிர்த்து சென்னை ஹைகோர்ட்டுக்குப் போன கட்சி அ.தி.மு.க. கோர்ட்டு மெஷினை ஏற்றது. அதே தேர்தலில் அதே மெஷினில் அ.தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. 2009 தேர்தலில் தோற்றபின் பா.ஜ.க. தலைவர்கள் மெஷினைச் சந்தேகித்தார்கள். 2017ல் ஆம் ஆத்மி கட்சி டெல்லி சட்டசபைக்குள்ளேயே ஒரு மாதிரி மெஷினை வைத்து மோசடி செய்து காட்டியது. காங்கிரஸ் எதிர்க்கட்சி வரிசைக்குப் போன பிறகு அதே சந்தேகத்தைக் கிளப்பியது.

"தோற்றால் மெஷின் கெட்டது, ஜெயித்தால் நல்லது" என்று இதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். சிரிப்பு நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் சந்தேகப்படுகிறவர் சுயநலக்காரர் என்பதால் மெஷின் நல்லது என்று நிரூபணமாகிவிடாது. மெஷினைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

நம் பெங்களூரிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. 1999 பார்லிமெண்டுத் தேர்தலில் பெங்களூர் வடக்குத் தொகுதியில் முன்னாள் ரயில்வே மந்திரி ஜாபர் ஷெரீப் ஜெயித்தார். மெஷினை நம்ப முடியாது என்று மைக்கேல் பெர்னாண்டஸ் கர்நாடக ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். கோர்ட்டு சாட்சிகளை விசாரித்து, மெஷினைப் பாராட்டியே 2004ல் தீர்ப்புச் சொன்னது. ஐந்து வருஷம் ஆயிற்று என்பது குறைதான். ஆனாலும் கேள்விக்கு விசாரணை கிடைத்தது.

விஞ்ஞானிகள் செய்து காட்டியது என்ன?

2010ல் ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேன், நெதர்லாந்தைச் சேர்ந்த ராப் கோங்ரைப் ஆகியோர் நிஜமான ஓட்டு மெஷின் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்தார்கள். முடிவைக் காட்டும் பலகையை மாற்றி வைத்தால் பொய்யான எண்ணைக் காட்ட வைக்கலாம் என்றும், ஞாபகச் சில்லின்மேல் ஒரு சிறு கருவியைப் பொருத்தினால் பதிவான ஓட்டையே மாற்றலாம் என்றும் செய்து காட்டினார்கள்.

இதை இரண்டு பக்கத்தாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆகாயத்திலிருந்து சிக்னல் அனுப்பி நாட்டிலுள்ள எல்லா மெஷின்களையும் மாற்றலாம் என்று அவர்கள் நிரூபிக்கவில்லை. மெஷின் கையில் கிடைக்க வேண்டும், அதைத் திறக்க வேண்டும், உள்ளே வேலை செய்ய வேண்டும். அதே சமயம் "மெஷினை ஒன்றுமே செய்ய முடியாது" என்று அதுவரை சொல்லி வந்த வாக்கும் பொய்யாயிற்று. இதற்கு வந்த முதல் பதில் என்ன? மெஷினைத் திருடியதாக வழக்குப் போட்டு, அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்கள். சந்தேகம் குறைந்ததா? வளர்ந்தது.

சரியான பதில் 2013ல் வந்தது. சுப்பிரமணியன் சுவாமி போட்ட வழக்கில், மெஷினோடு காகிதச் சீட்டும் அவசியம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதே ஆண்டு நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் சீட்டு இயந்திரம் முதலில் வைக்கப்பட்டது. 2019ல் நாடு முழுவதும் வந்தது. இப்போது நாம் பொத்தானை அழுத்தியதும், நாம் ஓட்டுப் போட்ட சின்னம் அச்சான சீட்டு கண்ணாடி வழியாக 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழுகிறதே, அந்தச் சீட்டுக்குக் காரணம் சந்தேகப்பட்டவர்கள்தான். அவர்களைச் சிரித்தே விரட்டியிருந்தால் அது வந்திருக்காது.

வாகன் சீலும் மெஷின் சீலும்

சாமான் ஏற்றிய வாகனுக்குச் சீல் வைத்து நம்பர் எழுதுவது எங்கள் வேலை. சேருமிடத்தில் அதே நம்பர் இருந்தால் வழியில் யாரும் திறக்கவில்லை என்று பொருள். நம்பர் வேறு என்றால் விசாரணை. அனுப்பிய குமாஸ்தா உத்தமனா என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டு மெஷினுக்கும் முறை இதுவே.

ஓட்டுப்பதிவு ஆரம்பமாவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே, கட்சி ஏஜெண்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். கணக்குச் சரியாக வந்தபின் அதை அழித்து, நம்பர் உள்ள காகித முத்திரை வைக்கிறார்கள். ஏஜெண்டுகள் கையெழுத்துப் போடலாம். மாலையில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவாயிற்று என்று 17சி என்ற பாரத்தில் எழுதி, ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் நகல் தருகிறார்கள். எண்ணும் இடத்தில் மெஷின் காட்டும் எண்ணும் இந்தப் பாரத்தின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

"பேக்டரியிலேயே சில்லில் எழுதி வைத்துவிட்டால்?" என்பது அடுத்த கேள்வி. மெஷின்களைச் செய்வது இரண்டு சர்க்கார் நிறுவனங்கள். ஒன்று நம் ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ், மற்றது ஐதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். எந்தத் தொகுதியில் எந்தப் பொத்தான் எந்தக் கட்சிக்கு என்பது வேட்புமனு வாபஸ் முடிந்து பட்டியல் தயாரானபின்தான் தெரியும். ஒரு தொகுதியில் மூன்றாவது பொத்தான் ஒரு கட்சிக்கு, பக்கத்துத் தொகுதியில் இன்னொரு கட்சிக்கு. எந்த மெஷின் எந்தச் சாவடிக்கு என்பதும் குலுக்கல் முறையில்தான் முடிவாகிறது. ஆகவே பேக்டரியில் மொத்தமாக எழுதி வைப்பது நடவாத காரியம்.

ஆனால் இங்கே ஒரு சந்து உண்டு. பட்டியல் தயாரானபின் சின்னங்களைச் சீட்டு இயந்திரத்தில் ஏற்றுகிறார்கள். அந்த நேரத்தில் தவறு நடந்தால்? இந்தக் கேள்வி நியாயமானது. 2024 ஏப்ரல் 26 அன்று சுப்ரீம் கோர்ட்டு, ஓட்டுச்சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையையும் எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையையும் நிராகரித்தது. அதே தீர்ப்பில், சின்னம் ஏற்றும் கருவிகளைச் சீல் வைத்து, முடிவு வந்தபின் 45 நாள் பத்திரமாக வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இரண்டாம், மூன்றாம் இடத்துக்கு வந்தவர்கள் 7 நாளுக்குள் பணம் கட்டி மனுச் செய்தால், ஒவ்வொரு சட்டசபைப் பகுதியிலும் 5 சதவீத மெஷின்களைச் சோதிக்க வேண்டும். மோசடி தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்றும் சொன்னது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் வேலூர், விருதுநகர்த் தொகுதிகளிலிருந்தும் இப்படி மனுக்கள் போயின. சோதிக்கும்போது மெஷினில் உள்ள பதிவை அழிக்கக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் கோர்ட்டு மேலும் சொல்ல வேண்டியிருந்தது. சோதனை முறையிலேயே குறை இருந்தது என்பதையும், கேட்டதால் அது திருந்தியது என்பதையும் இது காட்டுகிறது.

ஒரு பானை சோறும் ஒரு சோறும்

ஒவ்வொரு சட்டசபைப் பகுதியிலும் ஐந்து சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து, மெஷின் காட்டும் எண்ணையும் காகிதச் சீட்டுகளையும் ஒப்பிட வேண்டும் என்பது 2019ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன ஏற்பாடு. 2024 தீர்ப்பு வரை இப்படி 41,629 ஒப்பீடுகளில் 4 கோடிக்கு மேற்பட்ட சீட்டுகளை எண்ணியதாகவும், ஒருவர் ஓட்டு இன்னொருவருக்கு மாறியதாக எங்கும் தெரியவில்லை என்றும் தேர்தல் கமிஷன் கோர்ட்டில் தெரிவித்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பெண்கள் தினமும் செய்யும் சோதனை. ஆனால் ஒரு பானைச் சோற்றைப் பார்த்து அடுத்த பானை வெந்ததா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தொகுதியும் ஒரு தனிப் பானை. சந்தேகப்படுகிறவர்களில் படித்தவர்கள் சொல்லும் வாதம் இதுவே.

பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எட்டுச் சட்டசபைப் பகுதிகள் கொண்ட ஒரு பார்லிமெண்டுத் தொகுதியில் 2,000 சாவடிகள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது சாவடிகள் சோதனைக்கு வரும். பத்துக்கு ஒரு மெஷினில், அதாவது 200 மெஷினில் மோசடி நடந்திருந்தால், அந்த நாற்பதில் ஒன்றாவது அகப்படாமல் தப்புவது 100க்கு ஒன்றிரண்டு தடவைதான். 98 தடவை பிடிபடும். நூற்றுக்கு ஒன்று, அதாவது 20 மெஷின் மட்டும் என்றால் மூன்றில் இரண்டு தடவை தப்பிவிடும். ஆகவே பெரிய மோசடி நாடெங்கும் நடந்து ஒன்றுகூட அகப்படாமல் இருப்பது நம்பத்தக்கதல்ல. சில நூறு ஓட்டில் முடிவாகும் தொகுதியில் சிறிய தவறு இருந்தால் இந்தச் சோதனை மட்டும் போதாது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நாணயம். "எல்லாம் சரி" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறவரை யாரும் நம்புவதில்லை.

ஒத்துப்போகாத கணக்கும் எப்போதாவது வரும். அப்போது என்ன நடக்கிறது என்பதே முக்கியம். அரியானாவில் பானிப்பட் மாவட்டக் கிராமம் ஒன்றில் 2022ல் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல். ஒரு சாவடியின் முடிவை எழுதுவதில் அதிகாரி செய்த தவறால் தோற்றவர் ஜெயித்தவராக அறிவிக்கப்பட்டார். வழக்கு நடந்தது. 2025ல் மெஷின்களைச் சுப்ரீம் கோர்ட்டுக்கே கொண்டுவந்து, இரு தரப்பார் முன்னிலையில் மறுபடி எண்ணினார்கள். ஒருவருக்கு 1,051, மற்றவருக்கு 1,000. முடிவு மாறியது. மூன்று வருஷம் கழித்தும் மெஷின் தன்னிடம் இருந்த எண்ணைச் சரியாகச் சொன்னது. பேனா பிடித்த கைதான் பிசகியது. ஆபீசில் பேரேடு எழுதுகிற எவருக்கும் இது புரியும்.

கணக்கைத் தாமதித்தால் வதந்தி முந்தும்

2024 தேர்தலில் முதல் கட்ட ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. இறுதிச் சதவீதத்தைக் கமிஷன் ஏப்ரல் 30 அன்றுதான் வெளியிட்டது. அதுவும் சதவீதம் மட்டும். எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்ற எண் இல்லை. முதல் நாள் சொன்ன சதவீதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்ததால், கோடிக்கணக்கில் ஓட்டைச் சேர்த்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது.

ராத்திரி ஏழு மணி நிலவரமும் கடைசிச் சாவடி முடிந்தபின் வரும் நிலவரமும் ஒன்றாக இருக்காது. இதில் மர்மம் இல்லை. ஸ்டேஷன் கவுண்டரிலும் ஷிப்டு நடுவில் சொல்லும் வசூலும், கணக்கு முடித்துச் சொல்லும் வசூலும் வேறுதான். ஆனால் பதினொரு நாள் எண்ணைச் சொல்லாமல் இருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? சாவடிவாரியாக 17சி விவரத்தை வெளியிடக் கோரிய மனுவில் இடைக்கால உத்தரவு தர மே 24 அன்று சுப்ரீம் கோர்ட்டு மறுத்தது. மறுநாளே, முடிந்துபோன ஐந்து கட்டங்களுக்கும் ஓட்டு எண்ணிக்கையைக் கமிஷன் தானாக வெளியிட்டது. மே 25 அன்று தர முடிந்ததை ஏப்ரல் 30 அன்றே தந்திருந்தால் வதந்திக்கு வேலை இருந்திருக்காது.

மெஷினைவிடப் பட்டியலைப் பாருங்கள்

2025 ஆகஸ்ட் 7 அன்று ராகுல் காந்தி, பெங்களூர் மத்தியத் தொகுதியைச் சேர்ந்த மகாதேவபுராவில் மட்டும் 1,00,250 ஓட்டுகள் திருடப்பட்டதாகக் கூறினார். 2024ல் அந்தப் பார்லிமெண்டுத் தொகுதியில் பா.ஜ.க. ஜெயித்த வித்தியாசம் 32,707. இரட்டைப் பதிவு 11,965, தவறான விலாசம் 40,009, ஒரே விலாசத்தில் பலர் 10,452, சரியில்லாத போட்டோ 4,132, புதிய வாக்காளர் பாரத்தைத் தவறாக உபயோகித்தது 33,692 என்று பிரித்துக் காட்டினார்.

இது மாய மை மாதிரியான குற்றச்சாட்டு அல்ல. எண் இருக்கிறது, விலாசம் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம். "பிரமாணம் செய்து கொடுங்கள், இல்லாவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள்" என்று தேர்தல் கமிஷன் சொன்னது. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கலாம். ஆனால் பட்டியலை வைத்திருப்பவரே பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வகையிலும் எத்தனை சரி, எத்தனை பிழை என்று சொல்லியிருந்தால் வாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

புகார் சொல்கிறவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். பட்டியலில் இரண்டு பெயர் இருப்பதும் இரண்டு ஓட்டு விழுவதும் ஒன்றல்ல. நம்மையே எடுத்துக்கொள்வோம். வேலைக்காக ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறுகிறோம். புது விலாசத்தில் பெயரைச் சேர்க்கிறோம். பழைய பெயரை நீக்க யாரும் போவதில்லை. ஒரே அறையில் பத்துப் பேர் தங்குவதும் நமக்குப் புதிதல்ல. இரட்டைப் பதிவு எல்லாம் சதி என்றால், முதல் சதிகாரர்கள் நாமாகத்தான் இருப்போம்.

இதே கர்நாடகத்தில் ஆலந்த் தொகுதியில் நடந்தது நல்ல பாடம். 2023 சட்டசபைத் தேர்தலுக்கு முன், 6,018 பேரின் பெயரை நீக்கக் கோரி ஆன்லைனில் மனுக்கள் வந்தன. அதிகாரிகள் நேரில் விசாரித்தபோது 24 மட்டுமே உண்மை, 5,994 பொய். பொய் மனுக்களை நிராகரித்து, போலீசிலும் புகார் கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் மாநில சர்க்கார் இதற்கென்று தனி விசாரணைக் குழுவை அமைத்தது. அதாவது, பெயர்களை நீக்க முயற்சி நடந்தது என்பது உண்மை. ஆயிரக்கணக்கான பெயர்கள் நீக்கப்பட்டுவிட்டன என்பது உண்மையல்ல. "ஒன்றுமே நடக்கவில்லை" என்று சிரித்தவரும் "எல்லாம் போய்விட்டது" என்று கத்தியவரும் பாதிப் பாதி தவறு. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிய ஊழியர்தான் சரி.

பீகாரிலும் அப்படியே. 2025 ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. அந்தப் பெயர்களையும் நீக்கிய காரணத்தையும் வெளியிடும்படி ஆகஸ்ட் 14 அன்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதுவரை "65 லட்சம்" என்பது மேடையில் பேசும் எண். பெயர் வெளியான பிறகு, "இதோ, உயிரோடு இருக்கும் என்னைச் செத்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள்" என்று ஒருவர் வந்து சொல்ல முடிந்தது. கணக்கு கைக்கு வந்தால் சந்தேகம் மனுவாக மாறுகிறது. வராவிட்டால் வதந்தியாக அலைகிறது.

நாம் செய்யக் கூடியது

நம் அறையிலோ ஷெட்டிலோ ஒருவர் "எல்லாம் முன்னாலேயே முடிவான விஷயம்" என்றால், முதலில் சிரிக்காமல் இருப்போம். அவர் சொல்வதில் உண்மையான பங்கு எது என்று பார்த்து, அதை ஒப்புக்கொள்வோம். பிறகு நான்கு கேள்வி கேட்கலாம். இது நடக்க வேண்டுமானால் எத்தனை பேர் சேர வேண்டும்? அதில் எதிர்க்கட்சி ஏஜெண்டு இருக்கிறாரா? நடந்திருந்தால் எந்தக் காகிதத்தில் தடம் இருக்கும்? எதைக் காட்டினால் உங்கள் எண்ணம் மாறும்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்கிறவரோடு பேசலாம். "எதைக் காட்டினாலும் மாறாது" என்கிறவரையும் கேலி செய்ய வேண்டாம். பக்கத்தில் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் நாளைக்கு யோசிப்பார்.

அடுத்தது நம் பெயர். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்காளம் உட்பட 12 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் தொடங்கியது. ஊரை விட்டு வந்த நமக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். வீடு பூட்டியிருந்தால் விசாரிக்க வந்த ஊழியர் என்ன எழுதுவார்? ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம் என்பது சட்டம். ஊரிலா, இங்கேயா என்று முடிவு செய்யுங்கள். புதிதாகச் சேர 6ம் நம்பர் பாரம், நீக்க 7, விலாசம் மாற்ற 8. ஊரில் இருக்கும் அண்ணன் தம்பியை விட்டுப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு பெற வாக்காளருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. தினக்கூலிக்காரருக்கும் அது பொருந்தும். கேட்டு வாங்க வேண்டும்.

மெஷினில் எழுதி வைத்துவிட்டார்கள் என்று நம்பி ஒரு லட்சம் பேர் வீட்டில் இருந்துவிட்டால், யாரும் மெஷினைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மோசடி செய்ய நினைப்பவனுக்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அந்த நம்பிக்கையை உடைக்க நம் சிரிப்புக்குச் சக்தியில்லை. பாரத்தில் உள்ள எண்ணுக்கும், பெட்டியில் உள்ள சீட்டுக்கும், பட்டியலில் உள்ள பெயருக்கும் உண்டு. அவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது வாக்காளரின் உரிமை. காட்டுவது பொறுப்பில் இருப்பவரின் கடமை.